கடற்கரை மணலில் 20 அடிக் கிணறு: நாமே தோண்டலாமா?

கேள்வி இதுதான்: ஈஞ்சம்பாக்கம் பக்கம் 40க்கு 60 மனை, கடல் முக்கால் கிலோமீட்டர் தூரத்தில். போர் போட்டால் உப்புத்தண்ணீர்தான் வரும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். நானும் தம்பியும் சேர்ந்து விடுமுறை நாட்களில் நாங்களே 20 அடிக்கு ஒரு கிணறு தோண்டிக்கொள்ள முடியுமா? எதிலெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

முடியும். உங்கள் மண்ணுக்கு ஏற்றதும் அதுதான். ஆனால் "நாங்களே" என்பதை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் தட்டுகிற வரைக்கும் நீங்களும் தம்பியும், கூட மேலே நிற்க இன்னும் ஓர் ஆளும் போதும். தண்ணீருக்குக் கீழே இறங்கும் கடைசி 7, 8 அடிக்கு, முன்பு உறை (கிணற்றுச் சுவராக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் வளையம்) இறக்கிப் பழகிய ஒருவராவது உடன் இருக்க வேண்டும். என் அப்பா கடற்கரையோரம் உறைக்கிணறு இறக்குவதையே தொழிலாக வைத்திருந்தவர். பள்ளி விடுமுறைகளில் அவருக்குக் கயிறு இழுத்தவன் நான். இப்போது கட்டட மேற்பார்வை செய்கிறேன். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன். ஒன்று, இது கடற்கரை மணலுக்கு மட்டும். களிமண்ணிலும் சேலம், கோவைப் பக்கத்துப் பாறையிலும் வேலை வேறு, ஆபத்தும் வேறு.

முதலில் ஆழத்தைப் பற்றிப் பேசிவிடலாம். பாதிப் பேர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். கடலோர மணலுக்குள் மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீர்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீர் நல்ல தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டரை சதவீதம் கனமானது, அதனால் நன்னீர் மேலே நிற்கிறது. கணக்கு என்னவென்றால், நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இதையே திருப்பிப் பாருங்கள். நீங்கள் ஓயாமல் இறைத்து மேலே 1 அடியைக் குறைத்துவிட்டால், நாளடைவில் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். ஆழமாகப் போர் போட்டுப் பெரிய மோட்டார் வைத்த வீடுகளில் இரண்டு மூன்று கோடைக்குள் தண்ணீர் கரிப்பதற்கு இதுதான் காரணம். அகலமாக, ஆழம் குறைவாக இருக்கும் கிணறு மேல்தண்ணீரை மட்டும் மெதுவாக எடுக்கும். ஆகவே "இன்னும் பத்தடி போகலாம், நிறைய வரும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எத்தனை அடி என்பதை முடிவு செய்ய நீரோட்டம் பார்ப்பவர் தேவையில்லை. மணலில் எங்கே தோண்டினாலும் ஒரே மட்டத்தில்தான் தண்ணீர். பக்கத்து வீட்டில் கிணறு இருந்தால் கல் கட்டிய கயிற்றை விட்டு அளந்து பாருங்கள். ஆனால் எப்போது அளக்கிறீர்கள் என்பது முக்கியம். நம் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். தை மாதம் அளந்தால் 6 அடியில் தண்ணீர் மினுங்கும், மனம் குளிர்ந்துவிடும். அதே கிணற்றில் ஆடி, ஆவணியில் 13 அடிக்குப் போயிருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, நீர்மட்டம் மிகவும் இறங்கியிருக்கும் அந்த நேரம்தான் அளக்கவும் தோண்டவும் சரியான காலம். அப்போது நிற்கும் மட்டத்துக்குக் கீழே 7, 8 அடி போனால் போதும். தையில் தோண்டி, தண்ணீர் வந்தது என்று சந்தோஷப்பட்டு நிறுத்தியவர்கள் அடுத்த ஆவணியில் காய்ந்த தரையைத்தான் பார்ப்பார்கள்.

இடம் தேர்ந்தெடுப்பது உங்கள் மனையில் சிரமமான விஷயம். கழிவுநீர் உறிஞ்சுகுழியிலிருந்து கிணறு குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பார்கள். 40க்கு 60 மனையில் உங்கள் குழிக்கு எதிர் மூலையில் வைத்தால் ஏறக்குறைய அந்தத் தூரம் கிடைத்துவிடலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தன் குழியை உங்கள் மதிலை ஒட்டிப் போட்டிருப்பாரே! வேலை தொடங்குமுன் நான்கு பக்கத்து வீடுகளிலும் குழி எங்கே என்று விசாரித்து ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். நிலத்தடி நீர் பொதுவாகக் கடலை நோக்கித்தான் நகரும், அதனால் குழி கிழக்கேயும் கிணறு மேற்கேயும் இருப்பது நல்லது. 50 அடி கிடைக்கவே கிடைக்காது என்றால், அந்தக் கிணற்றைத் துவைக்க, கழுவ, செடிக்கு ஊற்ற என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க வேண்டாம்.

அனுமதியையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு 1987ஆம் ஆண்டின் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. அதன் பட்டியலில் உள்ள இடங்களில் புதுக் கிணறு தோண்ட அனுமதி வாங்க வேண்டும். கடலுக்கு மிக அருகில் உள்ள மனைகளுக்குக் கடலோர ஒழுங்குமுறை விதிகளும் உண்டு.

சரி, வேலைக்கு வருவோம்.

மணலில் வெறும் குழி தோண்டக் கூடாது. எதைக் காற்றில் விட்டாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஈர மணல் ஏமாற்றும். வெட்டியவுடன் சுவர் மாதிரி நேராக நிற்கும். விரலால் தட்டினால்கூட விழாது. காலை 10 மணி வெயில் பட்டு ஓரம் வெளுக்கத் தொடங்கும்போது, முதலில் சர்க்கரை கொட்டுவது போல ஒரு மெல்லிய கோடு வழியும். அந்தக் கோட்டைப் பார்த்தால் உடனே ஏறிவிட வேண்டும். அடுத்து வருவது பொத்தென்று ஒரு பக்கமே சரிவது. ஒரு கன அடி மணல் 45 கிலோவுக்கு மேல் இருக்கும். நெஞ்சு வரை மூடினாலே மூச்சு இழுக்க முடியாது, மேலே இருப்பவர் கையைப் பிடித்து இழுத்தாலும் வராது.

அதனால்தான் உறை. நம் முன்னோர் சுடுமண்ணில் செய்தார்கள், கீழடியில்கூட அப்படிப்பட்ட உறைக்கிணறுகள் கிடைத்திருக்கின்றன. இன்று சிமென்டில் செய்கிறோம், முறை பெரிதாக மாறவில்லை. உறையை மேலே வைத்து, உள்ளே நின்று அடிமண்ணை எடுத்தால் அது தன் பாரத்தில் தானே இறங்கும். மேலே அடுத்த உறை. இப்படியே போனால் தோண்டுகிறவரைச் சுற்றி எப்போதும் சுவர் இருக்கும்.

3 அடி உறை விலை குறைவு என்று வாங்கிவிடாதீர்கள். அதற்குள் குனிந்து மண்வெட்டி பிடிக்க முடியாது. உள்விட்டம் 4 அடி, உயரம் 1 அடி, கனம் 2 அங்குலம் உள்ளதை வாங்குங்கள். ஒன்று சுமார் 145 கிலோ வரும். உருட்டிக்கொண்டு வரலாம், ஆனால் கிடத்தும்போது மட்டும் இன்னொருவரையும் சேர்த்து நான்கு பேர் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது விரல் நசுங்குவது இந்த வேலையில் சாதாரணமாக நடக்கும் விபத்து. இரண்டு ரீப்பர் கட்டைகளைக் குறுக்கே போட்டு அதன்மேல் உறையை நிறுத்தி, இடம் சரிபார்த்துவிட்டுக் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவுங்கள். வாங்கும்போது கம்பி போட்ட உறையா என்று கேளுங்கள், விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். நல்ல உறை கணீரென்று கேட்கும். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும்.

முதல் 3 அடியை மட்டும் அகலமாக, சரிவாகத் திறந்து வெட்டிக்கொள்ளலாம். அதன் நடுவில் முதல் உறையை வைத்து ரசமட்டம் பாருங்கள். இங்கே ஒரு மணி நேரம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. முதல் உறை கொஞ்சம் சாய்ந்திருந்தாலே பத்தாவது உறையில் அது பெரிதாகத் தெரியும். இன்னொரு வேலை, அடியில் இருக்கும் முதல் மூன்று நான்கு உறைகளை இரும்புப் பட்டை போட்டு ஒன்றோடொன்று முடுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மேல் உறைகளை வெளிமண் கவ்விப் பிடித்துக்கொள்ள, கீழ் உறை மட்டும் கழன்று இறங்கிவிடும். அந்த இடைவெளி வழியாக மணல் கொட்டத் தொடங்கினால் அதை அடைப்பது பெரும்பாடு.

உள்ளே இருப்பவர் நடுவில் முதலில் கொஞ்சம் எடுக்க வேண்டும், பிறகு ஓரத்தைச் சுற்றிச் சுற்றிச் சமமாகச் சுரண்ட வேண்டும். உறையின் அடி விளிம்புக்குக் கீழே நான்கு விரற்கடைக்கு மேல் பள்ளம் போகக் கூடாது. சரியாகச் சுரண்டும்போது உறை 'கிர்ர்' என்று ஒரு முனகலோடு ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் இறங்கும். அந்தச் சத்தம் பழகிவிட்டால் வேலை பாதி கைவந்த மாதிரி. ஒவ்வோர் உறைக்கும் தூக்குக்குண்டு விட்டு நான்கு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால், உயரமாக நிற்கும் பக்கத்தில் அடிமண்ணை எடுத்து, அந்தப் பக்கத்தின் தலையில் மணல்மூட்டை ஏற்றுங்கள். மெதுவாக நிமிரும். எங்கள் வீட்டுக் கிணற்றிலேயே ஒரு மாலை, இருட்டிவிட்டது என்று ஒரு பக்கம் மட்டும் சுரண்டியபடி விட்டுவிட்டு ஏறினோம். காலையில் ஏழு உறைகளும் சேர்ந்து மதில் பக்கமாகச் சாய்ந்திருந்தன. நிமிர்த்த இரண்டு முழு நாள் ஆனது. அன்றைய வேலையை முடிக்கும்போது சுற்றிலும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் மேலே வராதீர்கள்.

உழைப்புக் கணக்கையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இந்த அகலத்தில் ஓர் அடி இறங்க 650 முதல் 700 கிலோ மணல் மேலே வர வேண்டும். இரும்புச் சட்டியில் தடவைக்கு 15 கிலோ என்றால் அடிக்கு 45 சட்டி. 20 அடிக்கு 13, 14 டன். மூன்று கம்பங்களை முக்காலியாகக் கட்டி நிறுத்தி, கப்பி மாட்டி, கனமான கயிற்றில் தூக்குங்கள். சட்டி மேலே ஏறும்போது கீழே இருப்பவர் எதிர் ஓரத்தில் ஒட்டி நிற்க வேண்டும், தலைக்கவசம் கட்டாயம். எடுத்த மணலை விளிம்பிலிருந்து 6 அடியாவது தள்ளிக் கொட்டுங்கள். விடுமுறை நாளில் மட்டும் செய்தால், இடைப்பட்ட நாட்களில் வாயைப் பலகையும் இரும்புத் தகடும் போட்டு மூடி, சுற்றிலும் கட்டிவையுங்கள். தெருவில் குழந்தைகள் இருப்பார்கள்.

அப்புறம் காற்று. மணலைவிட எனக்கு இதில்தான் பயம் அதிகம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. ஆழக் குழிக்குள் சில நேரம் காற்றில் பிராணவாயு குறைந்துவிடும். சாதாரணக் காற்றில் அது ஏறக்குறைய 21 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலே ஆபத்து என்பது பாதுகாப்புக் கணக்கு. அப்பா தினமும் காலையில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கி, ஒரு பீடி குடிக்கும் நேரம் காத்திருந்து தூக்குவார். அணைந்தால் இறங்க மாட்டார். நல்ல பழக்கம்தான், ஆனால் போதாது. சுடர் அணைவதற்கு முன்பே ஆளுக்கு ஆபத்து தொடங்கிவிடும். எஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு இருந்தால் சுடர் அணையவே அணையாது. இப்போது வாயு அளக்கும் கருவி வாடகைக்குக் கிடைக்கிறது, அதை எடுங்கள். கூடவே சின்ன மின்விசிறி ஊதுகுழாயை அடிவரை விட்டு, ஆள் இருக்கும் வரை ஓடவிடுங்கள். டீசல், பெட்ரோல் எஞ்சின் எதையும் கிணற்றுக்குள்ளோ வாயருகிலோ வைக்கக் கூடாது. அதன் புகை உள்ளே இறங்கினால் சில நிமிடம் போதும்.

இறங்குபவர் இடுப்பிலும் தோளிலும் வார்ப்பட்டை கட்டி, அதில் ஒரு தனிக் கயிறு மேலே இரண்டு பேர் கையில் எப்போதும் இருக்க வேண்டும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பதில் வரவில்லை என்றால் இழுக்க வேண்டும், இறங்கக் கூடாது. அண்ணன் மயங்கிவிட்டான் என்று தம்பி குதிப்பான், தம்பிக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் குதிப்பார். கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போவது இப்படித்தான். கயிறு கட்டியிருந்தால் யாரும் குதிக்க வேண்டிய தேவையே வராது. தம்பியிடம் இதை முதல் நாளே சொல்லி, ஒரு தடவை இழுத்தும் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் கிட்டே வருவதை மணலே சொல்லும். மேலே வெளிர் மஞ்சள், பிறகு கையில் உருண்டை பிடிக்கும் அளவு ஈரம், பிறகு சாம்பல் நிறம். கால் வைத்த தடம் மெதுவாக மினுமினுக்கும். அங்கிருந்து அனுபவஸ்தர் கையில் வேலையைக் கொடுங்கள்.

ஏனென்றால் இனிமேல் வரும் சிக்கல் மணல் பொங்குவது. உள்ளே நிற்கும் தண்ணீரை வேகமாக இறைத்தால், வெளியே இருக்கும் நீர் அடிவழியாகப் பாய்ந்து வரும்போது மணலையும் அள்ளிக்கொண்டு வரும். அரை அடி எடுத்தால் முக்கால் அடி மேலே வந்து நிற்கும். நாள் முழுக்க மணல் வந்துகொண்டிருக்கும், உறை மட்டும் இறங்காது. அந்த மணல் எங்கிருந்து வருகிறது? உறைக்கு வெளியிலிருந்து. தரை உள்வாங்கி, மதில் விரிசல் விட்டு, அஸ்திவாரம் வரைக்கும் போகும். அதனால்தான் வீட்டுச் சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளிக் கிணறு எடுக்கச் சொல்கிறேன். பொங்கத் தொடங்கினால் மோட்டாரை நிறுத்தித் தண்ணீரை ஏறவிடுங்கள், மணல் அடங்கும். முழங்கால் தண்ணீர் நிற்கவிட்டபடியே அள்ளுவதுதான் முறை. வேகத்துக்கு இங்கே இடமில்லை.

இறைக்க மோட்டாரைத் தரையிலேயே வைத்து, உறிஞ்சு குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். மின்சாரம் உள்ளே போகவே வேண்டாம். தரையில் வைத்த மோட்டார் நடைமுறையில் 20, 23 அடி வரை உறிஞ்சும், உங்களுக்கு அது போதும். ஆனாலும் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுப் பாதுகாப்பு ஸ்விட்ச் வழியாகவே இணைப்பு கொடுங்கள். நீர்மூழ்கி மோட்டாரை ஓடவிட்டு அதே தண்ணீரில் ஆளை நிறுத்துவதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

ஆழம் வந்ததும் அடியில் வடிகட்டி போட வேண்டும். பலர் பெரிய கல்லை முதலில் கொட்டிவிடுகிறார்கள், அது மணலுக்குள் புதைந்து போய்விடும். கீழே பெருமணல் அரை அடி, அதன்மேல் சிப்ஸ் என்னும் பொடி ஜல்லி அரை அடி, மேலே முக்கால் அங்குல ஜல்லி அரை அடி. மேலே போகப் போகப் பருமன் கூட வேண்டும். கீழ் உறைகளின் மூட்டுகளைப் பூசாமல் விடுங்கள், தண்ணீர் வர வழி வேண்டும். மேல் 10 அடிக்கு மூட்டுகளை உள்ளிருந்து சிமென்ட் கலவையால் இறுகப் பூசுங்கள். இறக்கும்போதே பூசினால் விரிந்துவிடும், எல்லாம் உட்கார்ந்த பிறகுதான். தரைக்கு மேலே மூன்று உறை கைப்பிடிச் சுவராக நிற்கட்டும். சுற்றி வெளிச்சரிவாக 3 அடி அகலத்துக்குச் சிமென்ட் தளம். துவைத்த தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் போகாமல் காப்பது இந்த இரண்டும்தான். வாய்க்குக் கம்பி மூடி, அதன் கீழே கொசுவலை. சென்னையில் மலேரியா பரப்பும் கொசு கிணற்றுத் தண்ணீரிலும் முட்டையிடும்.

முதல் வாரம் தண்ணீர் கலங்கலாகத்தான் வரும், இறைத்து இறைத்துத் தெளியவிடுங்கள். 4 அடி விட்டத்தில் ஓர் அடித் தண்ணீர் என்பது சுமார் 350 லிட்டர். 8 அடி நின்றால் 2,800 லிட்டர். புதுக் கிணற்றுக்கு ஒரு தடவை அரைக் கிலோ பிளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றிக் கலக்கி, ஒரு நாள் விட்டு, வாடை போகும்வரை இறைத்துவிடுங்கள். பிறகு தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதியுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை ஏற்கலாம். நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கழிவுநீர் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். ஈ.கோலை என்னும் மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், கிருமி கண்ணுக்குத் தெரியாது.

மொட்டைமாடித் தண்ணீரை இந்தக் கிணற்றுக்கே திருப்புங்கள். தமிழ்நாட்டில் 2003இலிருந்தே கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம், ஆனால் பல வீடுகளில் ஒரு குழாய் மண்ணைப் பார்த்துத் தொங்குவதோடு சரி. சென்னையில் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். 1,000 சதுர அடி மாடியில் சேதாரம் போக ஒரு லட்சம் லிட்டர் கிடைக்கும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, மணலும் ஜல்லியும் போட்ட சின்னத் தொட்டி வழியாக வடிகட்டி உள்ளே விடுங்கள். மணல் குடித்துவிடும். உப்பைக் கீழே தள்ளி வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அதோடு, அரை குதிரைத்திறன் மோட்டாரை 20 நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஊற விட்டு எடுங்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். ஆவணி முதல் வாரத்தில் பக்கத்து வீட்டுக் கிணற்றில் கயிறு விட்டு, தரையிலிருந்து தண்ணீர் எத்தனை அடி என்று அளந்து சொல்லுங்கள். உங்கள் மனையின் கழிவுநீர்க் குழிகளைக் காட்டும் அந்தத் தாளையும் படம் எடுத்து அனுப்புங்கள். எத்தனை உறை வாங்க வேண்டும், எந்த மூலையில் வைக்கலாம் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை உறைக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.